14 அங்குல நாற்காலி: கிளென் கூல்ட் பற்றி வாசகர் கேள்விகள்

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் (1932–1982) பற்றிச் சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. குட்டை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர், 31 வயதில் மேடையை விட்டவர் என்ற இரண்டு விஷயங்கள்தான் அதில் இருந்தன. அதற்கே ஏராளமான கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

என் மகள் ஐந்தாம் கிரேடு பியானோ தேர்வுக்குத் தயாராகிறாள். கூல்ட் வாசிக்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவளும் ஸ்டூலைத் தாழ்த்திப் போட்டு, மூக்கு கட்டையில் இடிக்கிற மாதிரி குனிந்து வாசிக்கிறாள். டீச்சர் திட்டுகிறார். அவள் போக்கில் விடலாமா? (ஒரு தாய், கோவை)

விட வேண்டாம். ஆனால் ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று தடுக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வாள்.

பியானோவின் வெள்ளைக் கட்டை தரையிலிருந்து சுமார் 72 முதல் 74 செ.மீ. உயரத்தில் இருக்கும். பெரியவர்கள் உட்காரும் பெஞ்ச் ஏறக்குறைய 48 முதல் 50 செ.மீ. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் முழங்கை, கட்டையின் மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ வரும். தோளிலிருந்து கையின் கனத்தைக் கட்டை மேல் இறக்க முடியும். கூல்டின் நாற்காலி 14 அங்குலம், அதாவது 35.5 செ.மீ. சீட்டாட்ட மேசைக்குப் போடுகிற சாதாரண மடக்கு நாற்காலிதான் அது. 1953இல் அவருடைய அப்பா அதன் கால்களைச் சுமார் 4 அங்குலம் அறுத்து, ஒவ்வொரு நுனியிலும் பித்தளைப் பிடி வைத்துத் திருகாணி பொருத்திக் கொடுத்தார். நான்கு காலையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டும் என்று தோன்றியபோது நாற்காலியை இறக்காமல், பியானோவின் கால்களுக்கடியில் மரத்துண்டுகளைக் கொடுத்து அதை உயர்த்தினார்கள். இருக்கையின் மெத்தை கிழிந்து வெறும் சட்டம் மிஞ்சிய பிறகும் அவர் அதை விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே போயிற்று.

இந்த உயரத்தில் முழங்கை கட்டைக்குக் கீழே போய்விடுகிறது. கையின் கனம் பயன்படாது. விரல்கள் கட்டையைத் தம் பக்கம் இழுக்கிற மாதிரி இயங்கும். மூன்று நான்கு குரல்கள் (தனித்தனி மெட்டு வரிகள்) பின்னிப் போகும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையில் ஒவ்வொரு சுரமும் மணி கோத்தது போலத் தனித்தனியாகக் கேட்க இது உதவும். பெரிய மண்டபம் அதிர அடிக்க வேண்டிய கனமான கார்டுகளுக்கு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் வாசிப்பது) உதவாது. லிஸ்ட், ரக்மானினோவ் போன்ற இசையமைப்பாளர்கள் பக்கம் கூல்ட் அதிகம் போகாததற்கு ரசனை ஒரு காரணம் என்றால், இந்த உட்காரும் முறையும் ஒரு காரணம் என்பதே எங்கள் கணிப்பு. உங்கள் மகளுக்குத் தேர்வில் எல்லா வகைப் பாடமும் வரும். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரும்படி ஸ்டூலை வையுங்கள். கால் தரையில் எட்டாவிட்டால் அடியில் ஒரு பலகை போடுங்கள். முதுகை வளைத்துக் குனிகிற பழக்கம் தேர்வு முடிவதற்குள் கழுத்து வலியைக் கொண்டுவந்துவிடும்.

கூல்டின் விரல் சுத்தத்துக்கு அவருடைய ஆசிரியர் சொல்லிக்கொடுத்த ‘தட்டும்’ பயிற்சிதான் காரணம் என்கிறார்களே, அது என்ன? மாணவர்களுக்குத் தரலாமா? (பியானோ ஆசிரியர், திருச்சி)

தாராளமாகத் தரலாம். சிலியில் பிறந்து டொராண்டோ கன்சர்வேட்டரியில் கற்பித்த அல்பெர்த்தோ குரேரோவின் முறை இது. தாழ உட்காருவதும் அவரிடமிருந்து வந்ததுதான்.

வலது கையை வாசிக்க வேண்டிய கட்டைகள் மேல் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகள் கட்டையைத் தொட்டபடியே இருக்கட்டும். வலது கை தானாக எதையும் அழுத்தக் கூடாது. இடது கையால் வலது கை விரலின் நுனியைத் தட்ட வேண்டும். கட்டை அடிவரை போகும், தட்டிய கையை எடுத்ததும் விரல் தானே எழும்பி நிற்கும். விரலை நாம் தூக்குவதில்லை, அதுவே வருகிறது என்ற அந்த உணர்வுதான் பாடம். வரியில் உள்ள சுரங்களை வரிசையாக, எந்தச் சுரத்துக்கு எந்த விரலோ அதையே தட்டி முடியுங்கள். பிறகு அதே வரியைத் தட்டாமல், வலது கையால் மட்டும், ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டி மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் வேகம். இடது கைக்கு இதையே மாற்றிச் செய்ய வேண்டும்.

இரண்டு இடத்தில் பிசகும். விரலமைப்பு முடிவாகாத பாடத்தில் தட்டினால் தவறான விரல் ஆழமாகப் பதிந்துவிடும். மணிக்கட்டு இறுகியிருக்கும்போது தட்டினால் விரல் எழும்பாது. மாணவர் தன்னையறியாமல் தூக்க ஆரம்பிப்பார். அப்போது நிறுத்திவிட்டுக் கையை உதறிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 4 வரி போதும். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் படைப்பு முழுவதையும் இப்படித் தட்டி முடிக்க 32 மணி நேரம் ஆயிற்று என்று கூல்ட் சொன்னதாக குரேரோவின் இன்னொரு மாணவர் பதிவு செய்திருக்கிறார்.

அவர் போட்டிகளில் பரிசு வாங்கி மேலே வந்தவரா? (கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்)

இல்லை. 1944இல் டொராண்டோவில் நடந்த கிவானிஸ் இசை விழாவில் பரிசு பெற்றார். அதற்குமேல் போட்டிகள் அவருக்குப் பிடிக்கவே இல்லை. 10 வயதுவரை அம்மாதான் ஆசிரியை. பிறகு கன்சர்வேட்டரியில் பியானோவுடன் ஆர்கனும் கற்றார். கையும் காலும் வெவ்வேறு குரல்களை வாசிக்கும் அந்தப் பழக்கம் பாக்கை அணுகப் பின்னால் பெரிதும் உதவியது. 1947 ஜனவரியில் டொராண்டோ சிம்பனி இசைக்குழுவுடன் பேத்தோவனின் நான்காம் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). அதே ஆண்டு அக்டோபரில் முதல் தனிக் கச்சேரி. அப்போது வயது 15.

முக்கியமான காலம் அதற்குப் பிறகுதான். 1952இல் குரேரோவிடம் பாடத்தை நிறுத்திவிட்டு, சிம்கோ ஏரிக்கரையில் இருந்த குடும்பத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு பியானோ, ஒரு டேப் ரெக்கார்டர். வாசிப்பது, பதிவது, கேட்பது, திருத்துவது. இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போயின. அங்கிருந்து வந்து 1955 ஜனவரி 2 அன்று வாஷிங்டனில் வாசித்தார். 11 அன்று நியூயார்க் டவுன் ஹாலில். மண்டபம் நிறையவில்லை. புது ஆள் என்றால் ஷோப்பின், லிஸ்ட் என்று கைதட்டல் வாங்குகிற உருப்படிகளை வைப்பார்கள். இவர் வைத்தது கிப்பன்ஸ், ஸ்வேலிங்க், பாக், வேபர்ன், பேர்க். நடுவே பேத்தோவனின் ஒப்பஸ் 109. வந்திருந்தவர்களில் கொலம்பியா ரெக்கார்ட்ஸின் டேவிட் ஆப்பன்ஹைமும் ஒருவர். மறுநாளே ஒப்பந்தத்துக்கு அழைப்பு வந்தது.

நம் வித்வான்களுக்கு மேடைதான் உயிர். ஒரே நாளில் மேடையை விட்டவரை எப்படிப் பெரிய கலைஞர் என்கிறீர்கள்? அந்த பெர்ன்ஸ்டைன் தகராறுதானே காரணம்? (வாசகர், சிதம்பரம்)

முதலில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். 1962 ஏப்ரல் 6 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோ. கூல்ட் விரும்பிய காலப்பிரமாணம் மிக மெதுவானது. தமக்கு அதில் முழுச் சம்மதமில்லை என்றும், இருந்தாலும் கூல்டின் எண்ணத்தை மதித்து நடத்துவதாகவும் பெர்ன்ஸ்டைன் கச்சேரிக்கு முன் மேடையில் பேசினார். பத்திரிகை விமர்சனம் கடுமையாக இருந்தது. ஆனால் கூல்ட் அதன் பிறகும் 2 ஆண்டுகள் கச்சேரி செய்தார். கடைசிக் கச்சேரி 1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலஸில். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே விடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தம் அவர் செய்த கச்சேரிகள் 200ஐத் தாண்டாது.

உங்கள் ஒப்பீட்டில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் கச்சேரியில் நேற்றுப் பாடிய கல்யாணி இன்று வராது. மனோதர்மம் மேடையில்தான் வளர்கிறது. ஐரோப்பியக் கச்சேரிக் கலைஞருக்கு ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டது. ஒரு பருவத்துக்கு அதே ஐந்தாறு உருப்படிகளை ஊர் ஊராக வாசிக்க வேண்டும். அப்போது என்ன நேரும் என்பதற்கு கூல்டே ஓர் உதாரணம் சொன்னார். 1957 மே மாதம் சோவியத் பயணம். மாஸ்கோவில் முதல் நாள் மண்டபத்தில் பாதிகூட ஆளில்லை. இடைவேளையில் ஆளாளுக்கு நண்பர்களை அழைக்க, பிற்பகுதியில் மண்டபம் நிரம்பியது. அந்தப் பயணத்தில் பாக்கின் ஐந்தாம் பார்ட்டிடாவை மறுபடி மறுபடி வாசித்தார். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமே என்று ஓரிடத்தில் ஒலியைக் கூட்டுவது, இன்னோரிடத்தில் இழுப்பது என்று பாடத்தில் இல்லாத அழுத்தங்கள் ஒட்டிக்கொண்டன. ஊர் திரும்பிய கையோடு அதை ஒலிப்பதிவு செய்தார். மைக் அருகிலேயே இருக்கிறது, எட்ட வேண்டிய கடைசி வரிசை என்று ஒன்று இல்லை. அழுத்தங்கள் மட்டும் அப்படியே வந்துவிட்டன. தம் பாக் பதிவுகளில் மோசமானது அதுதான் என்று பின்னால் சொன்னார்.

இதோடு விமான பயமும் குளிர் பயமும் சேர்ந்தன. மேடையில் ஒரு தடவை தவறினால் இன்னொரு வாய்ப்பு இல்லை என்பதும் அவரை வாட்டியது. மேடையை விட்ட பிறகு இசையை விடவில்லை. அடுத்த 18 ஆண்டுகள் ஒலிப்பதிவு, வானொலி, தொலைக்காட்சி என்று உழைத்தார். 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் அவர் வாசித்த பாக்கும் இருக்கிறது.

பல தடவை வாசித்து, நன்றாக வந்த துண்டுகளை ஒட்டி இசைத்தட்டு போடுவது ஏமாற்று இல்லையா? (வாசகி, மதுரை)

இதற்கு 1966இல் அவரே ஒரு கட்டுரையில் விடை சொன்னார். ஓர் உதாரணம் போதும்.

பாக்கின் வெல் டெம்பர்ட் கிளேவியர் முதல் தொகுதியில் ஏ மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வளர்க்கும் வடிவம்). எட்டு டேக் எடுத்ததில் ஆறாவதும் எட்டாவதும் பிழையில்லாமல் வந்திருந்தன. ஒட்டு எதுவும் தேவையில்லை, எதையும் அப்படியே வெளியிடலாம். சில வாரம் கழித்து உட்கார்ந்து கேட்டார்கள். ஆறாவது கனமாக, விறைப்பாக இருந்தது. எட்டாவது துள்ளலாக, கொஞ்சம் அவசரமாக இருந்தது. முதலிலிருந்து முடிவுவரை கேட்டால் இரண்டுமே சலித்தன. ஆனால் காலப்பிரமாணம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆகவே ஆரம்பத்துக்கு ஆறாவது, நடுவில் இசை வேறு சுருதிகளுக்குச் சஞ்சரிக்கும் பகுதிக்கு எட்டாவது, முடிவுக்கு மறுபடி ஆறாவது என்று இணைத்தார்கள். பிழையை மறைக்க ஒட்டினால் அது வேறு. இங்கே ஒட்டியது, வாசித்த அன்று அவருக்கே தோன்றாத ஒரு வடிவத்தைப் பிறகு கண்டுபிடித்ததால். எழுத்தாளர் தம் கதையைத் திருத்தி எழுதுவதை நாம் ஏமாற்று என்பதில்லை.

எங்கள் வீட்டுப் பழைய அப்ரைட் பியானோவில் நடுவில் சில கட்டைகளை மெதுவாக அழுத்தினால் ஒரே சுரம் ‘டக்-டக்’ என்று இரண்டு முறை கேட்கிறது. கூல்டின் பியானோவும் ‘விக்கியது’ என்று படித்தேன். ஒரே நோயா? (வாசகர், நாகர்கோவில்)

ஒரே குடும்பத்து நோய். அவருக்கு வந்தது ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது. உங்களுடையது ஈரத்தாலும் தேய்மானத்தாலும் வந்ததாக இருக்கும்.

கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை நோக்கிக் கிளம்புகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே, அதைத் தள்ளிவந்த ‘ஜேக்’ என்ற நெம்புகோல் நழுவி விலகிக்கொள்ள வேண்டும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, தந்தியை அடித்துவிட்டுத் திரும்பும். திரும்பும் சுத்தியலை ‘பேக்செக்’ பிடித்து நிறுத்தும். கட்டை போதிய ஆழம் இறங்காவிட்டால் ஜேக் முழுதாக விலகாது, பேக்செக் பிடிக்கும் இடத்துக்கு வராது. சுத்தியல் துள்ளி மறுபடி தந்தியில் படும். பலமாக அடிக்கும்போது இது தெரியாது. மெதுவாக வாசிக்கும்போதுதான் வெளிப்படும்.

கூல்டின் பியானோ ஸ்டைன்வே சிடி 318. டொராண்டோவின் ஈட்டன்ஸ் கடைக்குச் சொந்தமாக இருந்தது. 1960 வாக்கில் அவர் கையில் சிக்கியது. பியானோவுக்கு முந்திய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டு போல லேசாக, தொட்டதும் பேச வேண்டும் என்று அதன் ஆக்‌ஷனை (கட்டை முதல் சுத்தியல் வரையிலான பொறியமைப்பை) ஓரெல்லைவரை சரிக்கட்டச் சொன்னார். விளைவாக நடு ஸ்தாயியில் விக்கல் வந்தது. 1964இல் வந்த பாக்கின் இன்வென்ஷன்ஸ் இசைத்தட்டில், மெதுவான உருப்படிகளில் அது காதில் விழும். அதை நீக்கினால் தொடுகையும் போய்விடும் என்பதால் அப்படியே விட்டார். கண்பார்வை மிகக் குறைந்த வெர்ன் எட்குவிஸ்ட் என்ற ட்யூனர்தான் நெடுங்காலம் அந்தப் பியானோவைப் பராமரித்தார். 1971இல் கிளீவ்லாண்டிலிருந்து திரும்பி வரும் வழியில் எங்கோ கீழே விழுந்து அதன் வார்ப்பிரும்புச் சட்டம் விரிசல் விட்டது. தந்திகளின் இழுவை முழுவதையும் தாங்குவது அந்தச் சட்டம்தான். மாற்றிப் பொருத்தினார்கள், பழைய தொடுகை திரும்பவில்லை. 1981இல்தான் மனம் தேறி ஒரு யமஹா வாங்கினார்.

உங்கள் பியானோவுக்கு வருவோம். மேல் மூடியையும் முன் பலகையையும் கழற்றிவிட்டு, கோளாறான கட்டையை மிக மெதுவாக அழுத்திச் சுத்தியலைப் பாருங்கள். தந்திக்கு 2, 3 மி.மீ. இருக்கும்போது அது பின்வாங்க வேண்டும். ஒட்டிக்கொண்டே போய்த் தந்தியைத் தொட்டால் விலகும் இடம் தவறியிருக்கிறது. அடுத்து, கட்டையின் முன்விளிம்பில் சிறு ஸ்கேலை வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். சுமார் 10 மி.மீ. இருக்க வேண்டும். 8க்குக் கீழே என்றால் அடியில் உள்ள கம்பளி வில்லை உப்பியிருக்கலாம், அல்லது அங்கே ஏதாவது விழுந்து கிடக்கலாம். இதுவரை நீங்களே பார்க்கலாம். திருகாணிகளைத் தொடாதீர்கள், ஒவ்வொரு அளவும் இன்னொன்றோடு பிணைந்தது, ஒன்றைத் திருகினால் மூன்று கலையும். எண்ணெய் விடவே கூடாது, கம்பளியும் தோலும் ஊறிக் கெட்டுவிடும். ட்யூனரிடம் ‘சுருதி சேர்க்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஆக்‌ஷன் ரெகுலேஷன் பார்க்க வேண்டும், சுத்தியல் இரட்டையாக அடிக்கிறது’ என்று சொல்லி அழையுங்கள். கருவிகளோடு வருவார். பியானோவை வெளிச்சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளிப் போடுங்கள்.

கச்சேரிக்கு முன் வெந்நீரில் கையை ஊற வைப்பாராமே. கை வலிக்கு நல்லதா? (வாசகி, கும்பகோணம்)

சுமார் 20 நிமிடம், பொறுக்கக்கூடிய உச்சச் சூட்டில் முழங்கைவரை ஊற வைப்பார். குளிர்நாட்டில் விறைத்த கையைத் தளர்த்தவும் மனதை நிதானப்படுத்தவும் அது உதவியது. வலிக்கு மருந்தல்ல. 1977இல் அவருடைய கையே சொல் கேட்காமல் போனது. எளிமையான பத்திகளில்கூடச் சுரங்கள் சீராக விழவில்லை. மாதக்கணக்கில் மணிக்கட்டை இப்படி வைத்தால் என்ன, தோளை அப்படி வைத்தால் என்ன என்று தாமே சோதித்துக் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டிருந்தார். பல பேருக்கு உதவியிருக்கக்கூடிய அந்தக் குறிப்புகளைப் படித்தால் மனம் கனக்கிறது; ஒரு பிடிமானம் இன்று கிடைக்கும், நாளை போய்விடும். ஒரு விரல் தானே மடங்குவது, சீரான ஓட்டம் திடீரென்று தடுமாறுவது போன்றவை தசை வலி அல்ல. இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இன்னும் அதிகமாகச் சாதகம் செய்து சரிசெய்யப் பார்ப்பதுதான் கையைக் கெடுக்கிறது.

கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அவர் இரண்டு தடவை பதிவு செய்திருக்கிறார். எதை முதலில் கேட்பது? (பலர்)

1955ஐ. அது 38 நிமிடத்தில் முடிந்துவிடும். 1981 பதிவு 51 நிமிடம்.

கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1741இல் பாக் வெளியிட்ட இந்தப் படைப்பில் ஓர் ஏரியா (பாட்டுப் போன்ற உருப்படி), அதை அடிப்படையாகக் கொண்டு மாற்றி மாற்றி எழுதிய 30 வேரியேஷன்கள், முடிவில் மறுபடி அதே ஏரியா, ஆக 32 உருப்படிகள். 30க்கும் பொதுவானது ஏரியாவின் மெட்டு அல்ல, அதன் இடது கை. மெட்டைத் தேடினால் வழி தவறிவிடும். ஏரியாவை மூன்று தடவை, கீழ்ச் சுரங்களை மட்டும் கவனித்துக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். 14, 20, 26 போன்றவை இரண்டு அடுக்குக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டவை. பியானோவில் ஓரடுக்குதான் என்பதால் இரண்டு கைகளும் ஒரே இடத்தில் மோதும். அந்த நெரிசலில் 22 வயது கூல்டின் விரல்கள் ஒன்றையொன்று தட்டாமல் ஓடுவதைக் கேட்டால், மேலே சொன்ன தட்டும் பயிற்சியின் பயன் புரியும்.

பிறகு ஒரு வாரம் விட்டு 1981. ஏரியாவிலேயே வித்தியாசம் தெரியும்: அப்போது 1 நிமிடம் 53 நொடி, இப்போது 3 நிமிடம் 5 நொடி. வெறும் நிதானம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த முறை ஒரு வேரியேஷனின் தாளத்துடிப்பிலிருந்தே அடுத்ததன் வேகத்தை எடுத்தார். முழுப் படைப்புக்கும் அடியில் ஒரே நாடி ஓடுகிறது. ஒரு வேரியேஷன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது கையைத் தட்டாமல் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போனால் பிடிபடும். முதல் பதிவில் எந்தப் பகுதியையும் திரும்ப வாசிக்கவில்லை. இதில் 9 கேனன்கள் (ஒரு குரலின் மெட்டை இன்னொரு குரல் பின்தொடர்ந்து வாசிப்பவை) உட்பட 13 வேரியேஷன்களின் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசிக்கிறார். இரண்டு பதிவுகளும் நியூயார்க்கின் 30ஆம் தெருவில், தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய அதே கட்டடத்தில் நடந்தவை. இரண்டாவது கடைக்கு வந்தது 1982 செப்டம்பரில். 27ஆம் தேதி அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் 50 வயது நிறைந்திருந்தது. அக்டோபர் 4 அன்று இறந்தார்.

ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் பலர் பின்னணியில் யாரோ முனகுவதாக எழுதியிருக்கிறார்கள். அது அவர்தான். சிறு வயதில் அம்மா ஒவ்வொரு சுரத்தையும் பாடிக்கொண்டே வாசிக்கப் பழக்கினார். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை, ஒலிப்பதிவாளர்களாலும் அகற்ற முடியவில்லை. 1981இன் கடைசி ஏரியாவில் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள். எந்தக் குரலை அவர் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.